படை ஜீப்பும் தோட்டத்து ஜீப்பும்

பழைய இராணுவ வாகனங்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, மறுபடியும் ஓட வைப்பது உலகின் பல பகுதிகளில் இரண்டு தலைமுறையாக வளர்ந்துள்ள ஒரு பொழுதுபோக்கு. அமெரிக்காவில் இந்த ஆர்வலர்களின் பெரிய சங்கம் 1976இல் தொடங்கியது. பிரித்தானியாவில் கோடை வந்தால் வயல்வெளிகளில் நூற்றுக்கணக்கான பழைய லொறிகளும் ஜீப்களும் கூடும். இலங்கையில் அந்த அளவு கிடையாது. ஆனால் இங்கே எஞ்சியிருக்கும் வாகனங்களுக்கு, அங்குள்ளவற்றுக்கு இல்லாத ஒரு கதை உண்டு. அங்கே போர் முடிந்து களஞ்சியத்தில் கிடந்தவை சில நேரே சேகரிப்பவர் கைக்குப் போயின. இங்கே அவை நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்துவிட்டுத்தான் ஓய்ந்தன. ஊவாவில் அந்த உழைப்பு பெரும்பாலும் தோட்டங்களில் நடந்தது. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தேயிலை மலைகளிலும், கீழே மொனராகலையின் ரப்பர் தோட்டங்களிலும் பழைய ஜீப் என்றால், அது படையில் இருந்த வாகனம் என்பதைவிடத் தோட்டத்து வாகனம் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஜீப் பிறந்த கதை சுருக்கமானது. 1940இல் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களிடம் நாலு சில்லிலும் இழுக்கும் ஒரு சிறிய வண்டியைக் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த அவகாசம் 49 நாள். அந்த அவகாசத்துக்குள் செய்து முடித்தது பான்ரம் என்ற சிறு நிறுவனம்; வரைபடம் போட்டவர் கார்ல் ப்ரோப்ஸ்ட். 1940 செப்டம்பர் 23ஆம் திகதி, கெடு முடியும் கடைசி நேரத்தில், மாதிரி வண்டி மேரிலாந்து முகாமுக்குள் நுழைந்தது. பான்ரத்திடம் பெரிய தொழிற்சாலை இல்லாததால் இராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. கடைசியில் வில்லிஸின் எஞ்சினே வென்றது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற இரு பெயர்களில், ஏறத்தாழ ஒன்றுபோலவே, 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்கள் வெளிவந்தன. முந்திச் செய்த நிறுவனத்துக்கு மிஞ்சியது இழுவைப் பெட்டிகள் செய்யும் வேலை. இயந்திர வரலாற்றில் நியாயம் கிடைக்காமல் போன இடங்களில் இதுவும் ஒன்று.

இலங்கைக்குப் போர் 1942இல் வந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அவுஸ்திரேலிய, இந்திய, கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவுகள் தீவுக்கு வந்து முகாமிட்டன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. அதன் சின்னம் தீயிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை. ஊவாவுக்கு முகாம் புதிதல்ல. போயர் போரில் பிடிபட்ட சுமார் 5,000 கைதிகளை 1900இலேயே தியத்தலாவையில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் புல்மேடுகள் அன்று முதல் இன்று வரை படையின் இடமாகவே இருக்கின்றன. இத்தனை ஆட்களோடும் வாகனங்கள் வந்தன: அமெரிக்க ஜீப்கள், கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் பிரித்தானியப் படைகளுக்காகச் செய்த சப்பை மூக்கு லொறிகள், பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள்கள். எம்20 ஒன்றரைக் கோடி மைல் ஓடினாலும் சாகாது என்று சொல்லத் தோன்றும் எளிமையான 500 சி.சி. வண்டி, போர்க்காலத்தில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

போர் முடிந்ததும் இவற்றை எல்லாம் திருப்பி அனுப்புவதில் யாருக்கும் இலாபமில்லை. ஆசியா முழுவதும் மிகுதி வாகனங்கள் விற்கப்பட்டன. பிலிப்பைன்ஸில் அவை நீட்டி வளர்க்கப்பட்டு ஜீப்னி என்ற பயணிகள் வண்டியாயின. பம்பாயில் மஹிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்களைப் பொருத்தத் தொடங்கியது. இலங்கையில் அவை தோட்டங்களுக்கும், கொந்தராத்துக்காரர்களுக்கும், காட்டைத் திறந்த அரச திட்டங்களுக்கும் போயின. மொனராகலைக்கு வடகிழக்கே 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. இங்கினியாகலை அணையைக் கட்டியது மொரிசன்-நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். பாதையே இல்லாத அந்தக் காட்டில் நாலு சில்லும் இழுக்கும் வண்டி இல்லாமல் எந்த வேலையும் நடந்திருக்காது.

தோட்டத்தில் ஜீப்பின் இடம் எளிதானதல்ல. அது துரையின் வண்டி. மலை உச்சி வரை வெட்டிய தோட்டப் பாதையில் அதன் சத்தம் கேட்டால் மலையில் நிற்பவர்களுக்கு யார் வருகிறார் என்று தெரியும். அதே வண்டிதான் இரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கும். அதிகாரத்தின் வாகனமும் ஆபத்துக்கு உதவிய வாகனமும் ஒன்றாகவே இருந்தன. அதை ஓட்டியவரும், ஸ்டோர் பட்டறையில் புஷ் கடைந்து போட்டவரும், உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் கொல்லுலையில் காய்ச்சி வளைத்தவரும் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். அவர்கள் பெயர் எந்த வாகனப் பதிவிலும் இல்லை. அவர்கள் கைவேலை மட்டும் இரும்பில் இருக்கிறது. பழைய ஜீப்பைப் பிரித்துப் பார்ப்பவர் அதைக் காண்பார்: அளவெடுத்துச் செய்த ஒரு பித்தளை புஷ், தண்டவாளத் துண்டிலிருந்து அறுத்த ஒரு தாங்கி, ஒழுங்காக இழுத்த ஒரு வெல்டிங் கோடு.

இத்தனை ஆண்டு ஓடிய வண்டி அப்படியே இருக்காது. ஆகவே ஊவாவில் ஒரு பழைய ஜீப் கிடைத்தால் முதல் வேலை அது எது என்று கண்டுபிடிப்பது. இங்கே ‘வில்லிஸ்’ என்று சொல்லப்படுவது போர்க்கால வில்லிஸாக இருக்கலாம், போருக்குப் பிந்திய சிவில் ஜீப்பாக இருக்கலாம், மஹிந்திராவாக இருக்கலாம், ஜப்பானில் 1953 முதல் உரிமம் பெற்றுச் செய்த மிட்சுபிஷியாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். போர்க்கால ஜீப்பின் முன் கிறிலில் ஒன்பது துளை. சிவில் ஜீப்பில் ஏழு. போர்க்கால வண்டியின் முன்விளக்கு சிறியது, கிறிலுக்குப் பின்னால் உள்வாங்கி இருக்கும். ஒரு நட்டைத் தளர்த்தினால் விளக்கைப் புரட்டி எஞ்சின் பக்கம் திருப்பலாம். இரவில் பழுது பார்க்க வேண்டிய படைவீரனுக்காகச் செய்த ஏற்பாடு அது. 1945இல் வந்த சிவில் ஜீப்பில் விளக்குப் பெரிதாகி முன்னே தள்ளி நிற்கும், பின்னால் திறக்கும் கதவு இருக்கும். போர்க்கால வண்டியில் பின்கதவு கிடையாது. பொனட் வழக்கத்தைவிட உயரமாக இருந்தால் அது 1953 முதல் வந்த சீ.ஜே.3பி வகை, அல்லது அதன் வழிவந்த மஹிந்திரா அல்லது மிட்சுபிஷி. எஞ்சினின் வால்வு அமைப்பு மாறி உயரம் கூடியதால்தான் பொனட்டும் உயர்ந்தது.

முகம் மட்டும் போதாது, ஏனென்றால் கிறிலை எவரும் மாற்றலாம். சாசிக்குப் போக வேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே, முன்னால் இரண்டு சாசிச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த தகரத் தொட்டி போல மடித்த சட்டமாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு இன்னொன்றும் செய்தது. தன் தொழிற்சாலையில் செய்த சிறு சிறு பாகங்களிலும், போல்ட் தலைகளிலும்கூட, ‘எஃப்’ எழுத்தைக் குத்தியது. போட்டி நிறுவனத்தின் வடிவமைப்பைச் செய்ய நேர்ந்தாலும் தன் பாகம் எது என்று தெரியவேண்டும் என்ற பிடிவாதம். இன்று அந்த எழுத்துக்காகவே ஒரு பழைய போல்ட்டைத் தேய்த்துத் துலக்கி வைக்கிறார்கள் ஆர்வலர்கள். இரண்டும் ஒரே அளவில் செய்யப்பட்டதால் வில்லிஸ் பாகம் ஃபோர்டில் பொருந்தும், ஃபோர்டு பாகம் வில்லிஸில் பொருந்தும். படைப் பட்டறையிலேயே எஞ்சினும் உடலும் மாறி மாறிப் போடப்பட்டிருக்கும். ஆகவே ‘கலப்பு’ என்பது பிற்காலத்துக் குறை மட்டுமல்ல.

எஞ்சின் பக்கம் வந்தால் பெரும்பாலும் ஏமாற்றமே. மூல எஞ்சின் 2.2 லீற்றர், நாலு சிலிண்டர், பக்க வால்வு, 60 குதிரைவலு. பெற்றோலைக் கணக்கில்லாமல் குடிக்கும். டீசல் மலிவாக இருந்த காலத்தில் அதைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் போட்டவர்கள் ஏராளம். அதற்காகச் சாசியை வெட்டியிருப்பார்கள், எஞ்சின் தாங்கிகளை இடம் மாற்றியிருப்பார்கள். கழற்றிய எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

காகிதங்களும் ஒரு சாட்சி. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இலக்கத் தகட்டுக்கு வந்ததும், அதை எதிர்த்துத் தமிழர் நடத்திய போராட்டமும் எல்லோரும் அறிந்தவை. அதற்கு முந்திய தகடுகளில் சீ, ஈ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அப்படிப்பட்ட பழைய தகடும் அதற்குரிய பதிவுப் புத்தகமும் சேர்ந்து கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். சாசி எண், எஞ்சின் எண், நிறம், எரிபொருள் வகை நான்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்ப்பது அவசியம். எஞ்சின் மாறியிருந்தால் பதிவிலும் மாறியிருக்க வேண்டும். பச்சை அடிக்க நினைத்தால் அந்த நிற மாற்றத்தையும் பதிய வேண்டும். இந்தியாவில் விதி இன்னும் இறுக்கம்: 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி பாதுகாப்புத் துறை தவிர வேறெவரும் வாகனத்துக்கு ஒலிவ் பச்சை அடிக்க முடியாது. இலங்கைக்கு வெளியிலிருந்து பழைய வண்டியைக் கொண்டுவருவது நடைமுறையில் இயலாத காரியம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்ததே 2025இல்தான். அந்த ஆண்டுகளில் நாட்டுக்குள் இருந்த ஒவ்வொரு ஓட்டை வண்டிக்கும் விலை ஏறியது. கொட்டகையில் கோழி அடையும் ஜீப்பின் சொந்தக்காரருக்கும் அது தெரியும்.

வண்டி வந்து சேர்ந்த பிறகுதான் முக்கியமான கேள்வி. இதை எந்த ஆண்டுக்குத் திருப்புவது? பெரும்பாலானவர்களின் விடை 1944. பச்சை அடித்து, வெள்ளை நட்சத்திரம் போட்டு, பின்னால் எரிபொருள் கேன் மாட்டி, போர்க்களத்திலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் நிறுத்துவார்கள். மேற்கு நாட்டில் களஞ்சியத்திலிருந்து நேரே வந்த வண்டிக்கு இது பொருந்தும், அதற்கு வேறு வாழ்க்கை இருந்திராததால். ஊவா ஜீப்புக்குப் படை வாழ்க்கை நாலைந்து ஆண்டு, தோட்ட வாழ்க்கை நாற்பது ஐம்பது ஆண்டு. அந்த ஐம்பது ஆண்டையும் மணல்தாளால் தேய்த்து எறிந்துவிட்டு நாலு ஆண்டை மட்டும் மினுக்கி வைப்பது சரியான மீட்பு அல்ல. அது ஒரு வரலாற்றைக் காட்டுவதற்காக இன்னொரு வரலாற்றை அழிப்பது. நல்ல மீட்பாளர் பிரிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுப்பார். பிறகு பொனட்டின் பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தை மென்மையான நீர்த்தாளால் சாய்வாகத் தேய்ப்பார். மர வளையம் போலப் பெயின்ட் அடுக்குகள் தெரியும்: மேலே கடைசிச் சொந்தக்காரர் அடித்த சிவப்போ நீலமோ, அதற்குக் கீழே தோட்டம் அடித்த நிறம், அடியில் மங்கிய ஒலிவ் பச்சை. அதிர்ஷ்டமிருந்தால் படை எண்ணின் ஒரு துண்டும் வரும். பிரித்தானியப் படையில் மோட்டார் சைக்கிளுக்கு ‘சீ’, லொறிக்கு ‘எல்’, கார்-ஜீப்புக்கு ‘எம்’ என்று எண்ணுக்கு முன் எழுத்து வரும். அந்தத் துண்டை அப்படியே விட்டு, மேலே நிறமற்ற பூச்சு கொடுத்துப் பாதுகாக்கலாம். கதவோரத்தில் தோட்டத்தின் பெயர் எழுதியிருந்தால் அதையும் அப்படியே காக்க வேண்டும். தோட்டப் பட்டறையில் செய்த பித்தளை புஷ் இன்னும் தேயாமல் இருந்தால் புதியது வாங்கிப் போட வேண்டிய தேவையே இல்லை.

வேலை தொடங்குவது உடலில். போர்க்கால ஜீப்பின் தரைத் தகட்டுக்கு அடியில் பெட்டி போன்ற சட்டம் ஓடும். அதற்குள் பலத்துக்காக மரச்சட்டம் வைத்திருந்தார்கள். மரம் தண்ணீரைக் குடிக்கும், தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியில் நல்லதாகத் தெரியும் தரையைச் சுத்தியலால் தட்டினால் மந்தமான சத்தம் வரும் இடம் அதுதான். ஐப்பசியிலிருந்து தை வரை அடிக்கும் வடகீழ்ப் பருவ மழையும் மலையின் மூடுபனியும் இந்த அழிவை வேகப்படுத்துகின்றன. மொனராகலைச் சமவெளியின் காய்ந்த வெயிலில் கிடந்த வண்டி பதுளை மலையில் கிடந்ததைவிடப் பல நேரம் நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணமும் இதுவே. அழுகிய பகுதியை வெட்டி எறிந்து, அதே தடிப்பில் புதிய தகட்டை வளைத்து ஒட்டுவது டிங்கரிங் பாஸின் வேலை. துருவின் மேலே பட்டி அப்பி மறைத்தால் இரண்டு மழைக்குள் கொப்புளம் கிளம்பும். முழு உடலே போய்விட்டால் பிலிப்பைன்ஸில் இன்றும் புதிய ஜீப் உடல் அடித்து விற்கிறார்கள், ஆனால் அதை இங்கே கொண்டுவரும் செலவு வண்டியின் விலையைத் தாண்டும்.

பல ஆண்டு நின்ற எஞ்சினைச் சாவி போட்டு முறுக்கக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, சில நாள் ஊற விட வேண்டும். பிறகு கைப்பிடியால் மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். இறுகிய வளையம் மெதுவாக விடும், அவசரப்பட்டால் உடையும். எஞ்சின் உயிர் பெற்றுவிட்டால் அதற்கு அருமையான பெற்றோல் தேவையில்லை. இதன் அமுக்க விகிதம் 6.48தான். 68 ஒக்டேன் பெற்றோலுக்காகச் செய்தது. இன்றைய 92 தாராளம். சிக்கல் வேறிடத்தில் வரும். மொனராகலை வெயிலில் எஞ்சினுக்கு அருகே ஓடும் பெற்றோல் குழாய் சூடாகி, உள்ளே பெற்றோல் ஆவியாகி, வண்டி இருமி நிற்கும். குழாயை எஞ்சினை விட்டு விலக்கி இழுப்பதும், பெற்றோல் பம்பின் அடியில் உள்ள கைநெம்பால் நாலு தரம் அடித்துக் குழாயை நிரப்பிக்கொள்வதும் பழைய சாரதிகளின் வழி.

மின்சாரம் 6 வோல்ட். விளக்கு மின்மினி போல் எரிகிறது என்று உடனே 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுவார்கள். பெரும்பாலும் குற்றம் வோல்ட்டில் இல்லை. 6 வோல்ட்டில் இருமடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும், அதற்குத் தடித்த வயர் வேண்டும். துருப்பிடித்த எர்த் இணைப்புகளைச் சுரண்டித் துலக்கி, பற்றரிக்கு ஏற்ற தடித்த கேபிள் போட்டாலே விளக்கும் ஸ்டார்ட்டரும் திருந்திவிடும்.

சில்லு விஷயத்தில் விளையாட முடியாது. போர்க்கால ஜீப்பின் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்து எட்டு போல்ட்டால் இணைத்தது. சில்லை வண்டியில் பிடிப்பவை நடுவிலுள்ள ஐந்து நட்டுகள். வெளி வட்டத்து எட்டையும் காற்று இருக்கும்போது கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும், எதிரே நிற்பவர் உயிர் போகும். முதலில் வால்வை எடுத்துக் காற்றை முழுவதும் விட வேண்டும். இன்னொரு நுட்பம்: இடப்பக்கச் சில்லுகளின் ஐந்து நட்டும் இடது மரை. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும். தெரியாமல் நீண்ட குழாய் மாட்டி மிதித்து முறித்த ஸ்டட்களை ஊவா கராஜ்களில் பார்க்கலாம். பிரேக்கும் அப்படியே. ஒற்றைச் சுற்று, 9 அங்குல டிரம். எங்காவது ஒரு குழாய் ஓட்டையானால் நாலு சில்லிலும் பிரேக் போய்விடும். ஆகவே பிரேக் குழாய்களைப் பழையது நன்றாக இருக்கிறது என்று விடாமல் முழுவதும் புதிதாகப் போட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதும் பழக்கத்தை விட்டு, நனைத்துத் துடைப்பது நுரையீரலுக்கு நல்லது.

பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைதான் முதல் வாசல், தமிழ்நாட்டில் சென்னைப் புதுப்பேட்டை போல. மஹிந்திரா பல பத்தாண்டுகள் வில்லிஸ் வழியிலேயே ஜீப் செய்ததால் இந்தியப் பாகங்கள் பல சிறு திருத்தத்தோடு பொருந்தும். மூணாறிலும் வால்பாறையிலும் தோட்டப் பாதைகளில் ஓடிய ஜீப்கள் இந்த வழியில் வந்தவையே. இந்தியாவில் படை வாகன ஆர்வலர்களுக்கு இன்னொரு காதல் உண்டு: ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை நிஸான் வடிவமைப்பில் இராணுவத்துக்காகச் செய்த ஜொங்கா. ஏலத்தில் எடுத்து மீட்டெடுத்த ஜொங்காக்கள் அங்கே இன்றும் மலையேறுகின்றன.

ஊவாவில் ஜீப்புக்கு அடுத்தது லேண்ட் ரோவர். அதன் வேரும் போர் ஜீப்பே. ரோவர் நிறுவனத்து மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் அங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் ஒரு மிகுதி ஜீப்பை ஓட்டி வந்தார். அது தேய்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து பிறந்த வண்டி 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு, ஆகவே உடல் அலுமினியக் கலவையில். அந்த உடல் துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. சாசியும் கால் வைக்கும் முன்சுவரும் உருக்குத்தான். அலுமினியம் உருக்கைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூவுக்கு ஏறும் கற்பாதையில் 1950களின் லேண்ட் ரோவர்கள் பயணிகளோடு ஓடியது உலகப் புகழ் பெற்றது. தேயிலை நாட்டு மலைக்கும் இந்த வண்டிக்கும் உள்ள பொருத்தத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

கவச வாகனங்கள் வேறு கதை. இலங்கையின் கவசப் படை 1955இல் தொடங்கியது. ஃபெரெட் என்ற சிறிய பிரித்தானியக் கவச வண்டி அதன் தொடக்ககால வாகனங்களில் ஒன்று. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி ஜே.வி.பி. கிளர்ச்சியின் முதல் தாக்குதல் நடந்தது மொனராகலை மாவட்டத்து வெல்லவாய பொலிஸ் நிலையத்தில். அந்தக் கிளர்ச்சியை அடுத்து சோவியத் ஒன்றியத்திலிருந்து பி.டி.ஆர்.-152 வண்டிகள் வந்தன. 1980களில் தென்னாபிரிக்க பஃபலும், அதைப் பார்த்து உள்நாட்டிலேயே செய்த யூனிகோர்னும் வந்தன. ஐரோப்பாவில் ஃபெரெட்டைத் தனியார் வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறார்கள். இங்கே அப்படி ஆக முடியாது, ஆகவும் கூடாது. யானையிறவில் 1991ஆம் ஆண்டுச் சமரில் புலிகள் பயன்படுத்திய கவச புல்டோசர் வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஒருவருக்கு அது வெற்றியின் அடையாளம், இன்னொருவருக்கு ஆறாத புண். சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்ற நினைவு மலையகத் தமிழருக்கும் உண்டு. பஃபல் அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. ஆகவே பச்சை ஜீப்பை வீதிக்கு எடுப்பவர் போலித் துப்பாக்கி மாட்டாமல், உருமறைப்பு உடை போடாமல், படைப்பிரிவுச் சின்னம் எழுதாமல் எடுப்பது நல்லது. இந்த ஒரு காரணத்துக்காகவே தோட்டத்து நிறத்தில் மீட்ட ஜீப் ஊவா வீதியில் பொருத்தமாகவும் இருக்கிறது. அதைப் பார்த்துக் கிழவர்கள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வருவார்கள், பழைய சாரதியின் பெயரைச் சொல்வார்கள்.

ஓட்டம் பழகுவதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்க ஜீப்பின் ஸ்டியரிங் வளையம் இடப்பக்கம். வளைவில் முந்துவதை மறந்துவிட வேண்டும். மூன்று முன்கியரில் முதல் கியருக்கு ஒத்திசைவு கிடையாது, நின்ற பிறகோ கிளட்சை இரண்டு தரம் மிதித்தோதான் விழும். பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர், மொனராகலை 150 மீற்றர் அளவு. பசறையிலிருந்து கீழே இறங்கும் வளைவுகளில் பிரேக்கை நம்பி இறங்கினால் டிரம் சூடேறி மிதி ஆழமாகிவிடும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது லொறிக்காரர்களின் கணக்கு. இந்த வண்டிக்கும் அதுவே. வேகம் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டத் தேவையில்லை. முதல் 500 மைலில் எஞ்சின் எண்ணெயை ஒருமுறையாவது மாற்றி, தலை போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கோடையில் மொனராகலைப் பக்கத்துப் புழுதியில் ஓடினால் எண்ணெய்த் தொட்டி வைத்த காற்று வடிகட்டியை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் திறந்து பார்க்க வேண்டும். அடியில் சேறுபோல் படிந்திருப்பது எஞ்சினுக்குள் போயிருக்க வேண்டிய மண். அதை வழித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புதிய எண்ணெய் குறி வரை ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் வண்டியை மண் தரையில் நிறுத்தாமல் பலகையோ கல்லோ வைத்து உயர்த்தி, தரைத் தகட்டின் வடிகால் அடைப்புகளைக் கழற்றிவிட்டு, பற்றரி இணைப்பைப் பிரித்து வைக்க வேண்டும். தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கும். கூரை இருந்து நாலு பக்கமும் காற்று வரும் கொட்டகையே நல்லது. இரண்டு கிழமைக்கொருமுறை எஞ்சினைப் போட்டு, வெறுமனே நின்ற இடத்தில் உறும விடாமல், தோட்டப் பாதை முடியும் இடம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினால் பிரேக் இறுகாது, டைனமோ பற்றரியை நிரப்பும்.